கோவை என்னும் முதல் தவணை
மைசூர் ராணி லட்சுமி அம்மணியும் கொங்கு நாடும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



கொங்கு வரலாற்றில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்பதுதான் எனக்கு இட்ட பணி. நான் தேர்ந்துகொண்ட பெண் கொங்கில் பிறந்தவர் அல்லர். இங்கே வாழ்ந்தவரும் அல்லர். இந்த ஊரில் அவருக்குச் சிலை கிடையாது; தெருப் பெயரும் கிடையாது. ஆனாலும் 1782 அக்டோபரில் தஞ்சாவூரில் அவர் பெயரால் கையெழுத்தான உடன்படிக்கை ஒன்றில் கோயம்புத்தூருக்கு ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கிறது: 3 லட்சம் வராகன். நம் ஊரை ஆங்கிலேயர் ஹைதர் அலியிடமிருந்து பிடித்தால் அந்தப் பணம் அவர்களுக்குக் கிடைக்கும். எழுதிக் கொடுத்தவர் மைசூர் உடையார் குலத்து ராணி லட்சுமி அம்மணி.

அவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே சித்திரத்தைத்தான் தீட்டினார்கள். கணவனை இழந்தவர், அரண்மனைக்குள்ளேயே கைதியானவர், நாட்டைப் பறிகொடுத்து ஒரு பேரக் குழந்தையை அணைத்துக்கொண்டு காலம் தள்ளிய மென்மையான தாய். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்தச் சித்திரத்தால் ஆதாயம் அடைந்தவர் யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய என் பேச்சு அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

1. திருச்சியில் தொடங்கிய சரிவு

17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே மைசூர்ப் படைகள் மலையிறங்கிக் கொங்குக்குள் வரத் தொடங்கின. சிக்கதேவராயர் காலத்துக்குள் கொங்கின் பெரும்பகுதி மைசூர் ஆட்சிக்குள் வந்துவிட்டது. சத்தியமங்கலத்திலிருந்து மோயாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறும் கெஜலட்டிக் கணவாய்தான் அந்த ஆட்சியின் நடைபாதை. கீழே இருந்து வரி மேலே போகும். மேலே இருந்து படை கீழே இறங்கும். அந்த வழிக்குக் காவலாக நின்ற டணாய்க்கன்கோட்டை 1955இல் முடிந்த பவானிசாகர் அணையின் நீருக்குள் இருக்கிறது. கோடையில் அணை வற்றினால் அங்கிருந்த கோயிலின் கற்கள் தலைகாட்டும். அன்று பவானிசாகர்ப் பக்கத்து மக்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

மைசூர் அரசு வீழ்ந்த கதையை எல்லோரும் ஹைதர் அலியிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அது திருச்சிராப்பள்ளியில் தொடங்குவதாகப் படுகிறது. 1751இல் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்டபோது, திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகைப்பட்டிருந்த முகமது அலி மைசூரிடம் உதவி கேட்டார். உதவினால் திருச்சியையே தருவதாக வாக்குக் கொடுத்தார். மைசூரின் ‘சர்வாதிகாரி’ என்னும் தலைமை அமைச்சர் நஞ்சராஜய்யா பெரும்படையோடு கரூர் வழியாகக் காவிரிக் கரைக்கு வந்தார். சந்தா சாகிபு ஒழிந்தார். முகமது அலி பிழைத்தார். திருச்சி மட்டும் மைசூருக்கு வரவில்லை. வாக்குக் கொடுத்தவர் கையை விரித்துவிட்டார். மூன்று ஆண்டுக்கு மேல் அங்கேயே முகாமிட்டுக் கஜானாவைக் கரைத்துவிட்டு மைசூர்ப் படை வெறுங்கையோடு திரும்பியது.

லட்சுமி அம்மணியின் தந்தை கட்டி கோபாலராஜ அரசு திருச்சியோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் படைத்தலைவர். வாக்கு என்றால் என்ன, அது மீறப்பட்டால் என்ன ஆகும் என்பது அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் செய்தி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1782க்குப் போகும்போது தேவைப்படும்.

திருச்சிப் போருக்குப் பின் படைக்குச் சம்பளம் கொடுக்க அரசிடம் பணம் இல்லை. சிப்பாய்கள் அமைச்சர் வீட்டு வாசலில் தர்ணா உட்கார்ந்தார்கள். அந்தப் பாக்கியைத் தீர்த்து வைத்தவர் ஹைதர் அலி. 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பப்பட்டு, அங்கேயே தனக்கென ஒரு படையையும் பணத்தையும் சேர்த்துக்கொண்ட மனிதர் அவர். கடனை அடைத்தவர் கைக்கு நிலங்கள் போயின, பிறகு படை போனது, கடைசியில் அரசே போனது. 1761இல் ஹைதர்தான் மைசூர். லட்சுமி அம்மணியின் கணவரான அரசர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார் அரண்மனையில் இருந்தார். தசரா வந்தால் மக்களுக்குக் காட்டப்பட்டார்.

2. கிளியும் குறுவாளும்

ஹைதரின் சொந்தத் திவானாக இருந்த காண்டே ராவ் 1760இல் அரண்மனைப் பக்கம் சாய்ந்து ஹைதரைக் கிட்டத்தட்ட வீழ்த்திவிட்டார். ஹைதர் இரவோடிரவாகத் தப்பி ஓடினார். படை திரட்டித் திரும்பி வந்து வென்றார். காண்டே ராவைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னபோது, அரசரும் அரண்மனைப் பெண்களும் ஒரு வேண்டுகோள் அனுப்பினார்கள்: அவர் உயிரைக் காப்பாற்றுங்கள். உயிரை விட்டுவிடுவது மட்டுமல்ல, கிளிப்பிள்ளையைப் போல் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று ஹைதர் பதில் சொன்னாராம். சொன்ன சொல்லை அப்படியே நிறைவேற்றினார். காண்டே ராவை இரும்புக் கூண்டில் அடைத்துச் சாகும்வரை பாலும் சோறும் கொடுத்தார்.

இந்தக் கதையைப் பதிவு செய்தவர் மார்க் வில்க்ஸ். 1803 முதல் 1808 வரை மைசூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர். ஹைதரையும் அவர் மகன் திப்புவையும் கொடியவர்களாகக் காட்டுவதில் அவர் எழுத்துக்கு ஓர் அக்கறை உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அரண்மனைப் பெண்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இந்தக் கதைக்குள் இருக்கிறது. ஆயுதம் இல்லாதவர் கேட்கும் கருணை, கொடுப்பவர் விரும்பிய வடிவத்தில்தான் கிடைக்கும். லட்சுமி அம்மணி அந்த அரண்மனையின் மருமகள்.

1766இல் கிருஷ்ணராஜர் இறந்தார். அவருடைய மகன் நஞ்சராஜரை ஹைதர் அரியணையில் அமர்த்தினார். அந்த இளைஞர் மராட்டியரோடு தொடர்பு வைத்திருப்பதாக ஐயம் எழவே 1770இல் கொன்றுவிட்டார். அடுத்து வைத்த தம்பி சாமராஜர் 1776இல் பிள்ளையில்லாமல் இறந்தார். பத்தே ஆண்டுகளில் அந்த வீட்டில் மூன்று அரசர்களின் சாவு.

வாரிசு வேண்டும். ஹைதர் அரச குலத்துக் கிளைக் குடும்பங்களின் குழந்தைகளை ஒரு மண்டபத்துக்கு வரவழைத்தார். தரையெங்கும் பழம், பட்சணம், பூ, பொம்மை, கண்ணாடி, பணப்பை, ஆயுதம் என்று பரப்பி வைத்திருந்தார்கள். குழந்தைகள் தின்பண்டத்துக்கும் பொம்மைக்கும் பாய்ந்தன. ஒரு குழந்தை மட்டும் பளபளத்த குறுவாள் ஒன்றை எடுத்தது. சற்று நேரத்தில் மறுகையால் ஓர் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டது. இவன்தான் ராஜா என்றார் ஹைதர். அரிகுத்தாரக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் குழந்தைதான் காச சாமராஜ உடையார்.

இந்தக் காட்சியை ஹைதரின் குறும்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சிரிப்பார்கள். உள்ளே திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் பக்கம் நின்று பார்த்தால் சிரிப்பு வராது. மரபுப்படி யாருக்கு உரிமை, யாரைத் தத்தெடுப்பது என்பதெல்லாம் அரண்மனை மூத்தவர்கள் முடிவு செய்ய வேண்டியவை. அதை ஒரு விளையாட்டு முடிவு செய்தது. அதன் பிறகு லட்சுமி அம்மணிக்குத் தாய்மை என்பது பெற்ற பிள்ளையை வளர்ப்பதாக இல்லை. யாரோ தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்த பிள்ளையைக் குலத்தின் பிள்ளையாக்கிக் காப்பதுதான் அவருடைய தாய்மை.

3. தஞ்சாவூர் உடன்படிக்கை

ஹைதருக்கு எதிராக ஆங்கிலேயரின் உதவி தேடி ராணி அரண்மனையிலிருந்து வெளியே அனுப்பிய கடிதங்களின் மறுமுனையில் இருந்தவர் பிரதான் திருமலராவ். அவரும் அவர் தம்பி நாராயணராவும் ராணியின் தூதர்களாகக் கர்நாடகத்துக்குக் கீழே தமிழ் நாட்டுப் பகுதியில் இயங்கினார்கள். இரண்டாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்த 1782 அக்டோபரில், தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவனோடு திருமலராவ் உடன்படிக்கை செய்துகொண்டார். ஊட்டியை உருவாக்கிய நம் கலெக்டர் சல்லிவன் வேறு. அவர் பிறந்ததே 1788இல்தான். தஞ்சைப் பேச்சுக்கு மொழி உதவியாக இருந்தவர் ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ்.

உடன்படிக்கையின் பண விதிகளைப் பாருங்கள். கோயம்புத்தூரும் மலைக்குக் கீழுள்ள பகுதிகளும் பிடிபட்டால் 3 லட்சம் வராகன். கம்பெனிப் படை கணவாய் ஏறி மேட்டு நிலக் கோட்டைகளைப் பிடித்தால் 1 லட்சம். மைசூர் சரணடைந்தால் 1 லட்சம். தலைநகர் சீரங்கப்பட்டணம் விழுந்தால் 5 லட்சம். ஆக மொத்தம் 10 லட்சம். திருமலராவுக்கும் தம்பிக்கும் வருவாயில் பத்தில் ஒரு பங்கும் பரம்பரைப் பிரதானப் பதவியும்.

கையிலே காசு, வாயிலே தோசை என்பார்களே, அதுதான் இது. திருச்சியில் மைசூர் செய்த தவறு என்ன? முழுப் படையையும் பணத்தையும் முன்னதாகக் கொட்டிவிட்டுப் பலனுக்குக் காத்திருந்தது. இந்த உடன்படிக்கையில் ராணியின் தரப்பு ஒரு காசும் முன்பணமாகத் தரவில்லை. ஒவ்வொரு கோட்டைக்கும் அந்தந்தக் கட்டத்தில் பணம். மொத்தத்தில் பாதியைத் தலைநகருக்கென்று பிடித்து வைத்திருக்கிறார்கள். பாதியில் விட்டுவிட்டுப் போனால் பாதிப் பணம் போய்விடும் என்று கம்பெனிக்கு உறைக்க வேண்டும் அல்லவா? கடன்பட்டு அழிந்த ஓர் அரசின் வீட்டுக்குள்ளிருந்து வந்த கணக்கு இது. திருச்சியில் அடிபட்ட தலைமுறையின் மகள் சார்பில் எழுதப்பட்ட ஆவணம் என்பதை அறிந்து படித்தால் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கூடுகிறது.

இந்த ஆவணத்தை எழுதச் செய்த பெண்ணை மென்மையானவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. காட்டிக்கொடுத்தவர் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அன்று தக்காணத்தில் நிஜாமும் மராட்டியரும் ஆர்க்காட்டு நவாபும் ஹைதரும் ஆங்கிலேயரோடும் பிரெஞ்சுக்காரரோடும் மாறி மாறிக் கூட்டுச் சேர்ந்தவர்கள்தாம். ஆண்கள் செய்தபோது அதற்கு இராஜதந்திரம் என்று பெயர் வைத்தோம்.

ஆனால் கொங்குக்காரனாக எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் பேரத்தில் நம் ஊர் முதல் தவணை. கோயம்புத்தூர், கரூர், தாராபுரம் என்று மக்கள் வாழ்ந்த ஊர்கள் ஒரு பட்டியலில் படிக்கட்டுகளாக இருக்கின்றன. ராணிக்கு நாடு என்றால் மேலே இருந்தது. கீழே இருந்தது வழி.

4. நான்கு முறை கைமாறிய கொங்கு

தஞ்சை உடன்படிக்கைக்கு முன்பே 1768இல் கர்னல் வுட்டின் படை ஈரோடு, கோவை, தாராபுரம் என்று வரிசையாகப் பிடித்தது. ஆண்டு முடிவதற்குள் ஹைதர் எல்லாவற்றையும் மீட்டார். உடன்படிக்கைக்குப் பிறகு இரண்டாவது சுற்று வந்தது. 1782 டிசம்பர் 7இல் சித்தூர் அருகே ஹைதர் இறந்தார். திப்பு மேற்குக் கரையில் ஆங்கிலேயரோடு மோதிக்கொண்டிருந்த 1783இல் கர்னல் லாங்கின் படை கரூரையும் அரவக்குறிச்சியையும் திண்டுக்கல்லையும் பிடித்தது. அவரிடமிருந்து பொறுப்பேற்ற கர்னல் புல்லார்ட்டன் தாராபுரத்தையும், நவம்பரில் பாலக்காட்டையும், மாத இறுதியில் கோவையையும் பிடித்தார். உடன்படிக்கையின் முதல் கட்டம் நிறைவேறிவிட்டது.

மேலே சீரங்கப்பட்டணத்தில் இதற்குள் வேறொன்று நடந்து முடிந்திருந்தது. அஞ்சல், உளவு இரண்டுக்கும் தலைவராக இருந்த அஞ்சே சாமய்யா உள்ளிட்ட சிலர் 1783 ஜூலையில், படைக்குச் சம்பளம் பட்டுவாடா ஆகும் நாளில் கோட்டையைக் கைப்பற்றி ராணியின் ஆட்சியை அறிவிக்கத் திட்டமிட்டார்கள். திட்டம் முந்தைய இரவில் வெளியாகிவிட்டது. சிக்கியவர்கள் கொல்லப்பட்டார்கள், சாமய்யா விலங்கிடப்பட்டார். திருமலராவின் உறவினர்கள்மீதும் அந்தக் கோபம் திரும்பியது. மேல்கோட்டை மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் தீபாவளி கொண்டாடுவதில்லை; தங்கள் முன்னோர் அந்த நாளில் கொல்லப்பட்டார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் காரணம். ராணிக்காகப் பேசியவர்கள் கொடுத்த விலை வராகனில் எழுதப்படவில்லை.

கோவையிலிருந்து கெஜலட்டி வழியாக மேலே ஏறப் புல்லார்ட்டன் ஆயத்தமானபோது சென்னையிலிருந்து நிறுத்தச் சொல்லி ஆணை வந்தது. சமாதானப் பேச்சு நடக்கிறது என்றார்கள். 1784 மார்ச் 11இல் மங்களூர் உடன்படிக்கை. பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துக்கொள்வது என்று முடிவாகி, கோவை மறுபடி திப்புவுக்குப் போனது. ராணிக்கென்று எந்த ஏற்பாடும் அதில் இல்லை. கூண்டில் இருப்பவர் சார்பில் உடன்படிக்கை செய்துகொண்டு, பிறகு கூண்டின் சாவியை வைத்திருப்பவரோடு கைகுலுக்கிவிட்டார்கள்.

மூன்றாவது சுற்று 1790இல். ஜெனரல் மெடோஸ் கரூர் வழியாக வந்து ஜூலையில் கோவையைப் பிடித்தார். செப்டம்பரில் திப்பு கெஜலட்டி வழியாக இறங்கிச் சத்தியமங்கலத்தில் கர்னல் பிளாய்டின் படையை மோதிப் பின்வாங்கச் செய்தார். 1791இல் கோவைக் கோட்டையில் லெப்டினன்ட் சால்மர்ஸ் ஒரு சிறு படையோடு முற்றுகையைத் தாங்கினார். முதல் முறை தாக்குப்பிடித்தார், நவம்பர் தொடக்கத்தில் கமருதீன்கானிடம் சரணடைந்தார். 1792 சமாதானத்தில் சேலமும் பாரமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குப் போயின. கோவை திப்புவிடமே நின்றது. நாலாவது சுற்று 1799.

இத்தனை படைகளும் எந்த நிலத்தின் வழியே நடந்தன? நொய்யல், அமராவதி, பவானிக் கரைகள் வழியே. ஒரு படை வந்தால் தானியம் போகும், வண்டிமாடு போகும். அடுத்த படை வந்தால் முதல் படைக்குக் கொடுத்ததற்காக உதை விழும். கோவையின் கோட்டைமேட்டுக்குப் போகும் மாணவர்கள் அங்கே கோட்டையைத் தேடி ஏமாறுகிறார்கள். முப்பது சொச்சம் ஆண்டுகளில் இத்தனை முறை கைமாறிய இடத்தில் கோட்டை மிஞ்சாததில் வியப்பில்லை.

5. நன்றிக் கடிதத்தில் இல்லாத பெயர்

1796இல் காச சாமராஜர் இறந்தார். திப்பு அடுத்து யாரையும் பெயருக்குக்கூட அரியணையில் வைக்கவில்லை. தசராக் காட்சியும் நின்றது. அரச குடும்பத்தை அரண்மனையிலிருந்து கிளப்பி எளிய குடிலொன்றில் வைத்தார்கள். அரண்மனைச் சுவடிகளைக் குதிரைகளுக்குக் கொள்ளு வேகவைக்க விறகாக்கினார்கள் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. சிருங்கேரி மடத்துக்கு மதிப்போடு கடிதங்கள் எழுதி உதவிய திப்புவையும் இதே ஆண்டுகளில்தான் பார்க்கிறோம்; மனிதரை ஒரே நிறத்தில் வரைய வரலாறு இடம் தருவதில்லை. 1794 ஜூலையில் பிறந்த சாமராஜரின் மகன் கிருஷ்ணராஜன் என்ற குழந்தை அந்தக் குடிலில் இருந்தது. பெற்ற தாயும் போய்விட்டார். அந்தக் குழந்தைக்குப் பாட்டி முறையான லட்சுமி அம்மணிதான் எல்லாம்.

1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் மாண்டார். மைசூரை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது திப்புவின் மகனை அமர்த்தலாம் என்ற யோசனையும் வந்தது. முழுவதையும் கம்பெனியும் நிஜாமும் பங்கிட்டுக்கொண்டால் நிஜாம் பெருத்துவிடுவார், மராட்டியருக்குப் பொறாமை வரும். நடுவில் ஒரு சிறிய அரசு, கம்பெனிக்குக் கட்டுப்பட்ட அரசு, இருப்பது கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லிக்கு வசதி. அந்த வசதிக்குப் பொருத்தமாகக் கிடைத்தவர்கள்தான் துயருற்ற தாயும் ஐந்து வயதுக் குழந்தையும்.

இங்கேதான் அந்த மென்மைச் சித்திரம் வேலை செய்கிறது. 1782இல் ராணி ஓர் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு. இன்னதற்கு இவ்வளவு என்று பேரம் பேசியவர். 1799 ஜூன் 22இல் மைசூரைப் பங்கிட்ட உடன்படிக்கை கம்பெனிக்கும் நிஜாமுக்கும் இடையே ஆனது. அதில் ராணிக்குத் தரப்பே இல்லை. பழைய ஒப்பந்தத்தைக் காட்டி உரிமை கேட்கும் நிலையில் அவர் வைக்கப்படவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் நிலையில் வைக்கப்பட்டார். உரிமை இரக்கமாக மாறியது; இரக்கப்படுபவரிடம் கணக்குக் கேட்க முடியாது.

கணக்கு என்ன ஆயிற்று? கனரா, வயநாடு, கோயம்புத்தூர், தாராபுரம், மலைக்குக் கீழுள்ள நாடு, கணவாய்கள், சீரங்கப்பட்டணத் தீவு எல்லாம் கம்பெனிக்கு. ஜூலை 8இல் தனியாக ஓர் உடன்படிக்கை: மைசூர் ஆண்டுக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். 1782இல் மொத்த நாட்டையும் மீட்டுத் தருவதற்கு ஒரே முறை 10 லட்சம் என்று பேசியிருந்தவருக்கு, பாதி நாட்டைக் கொடுத்துவிட்டு ஆண்டுதோறும் 7 லட்சம் வாங்கினார்கள். 3 லட்சத்துக்கு மீட்டுத் தருவதாகச் சொன்ன கோவையைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவருக்காக அலைந்த திருமலராவுக்குப் பேசிய பதவியும் கிடைக்கவில்லை. ஹைதரிடமும் திப்புவிடமும் பணிபுரிந்த பூர்ணய்யாவே திவானாகத் தொடர்ந்தார்.

ஜூன் 24 தேதியிட்டு லட்சுமி அம்மணியும் அரண்மனையின் இன்னொரு ராணியான தேவாஜி அம்மணியும் கம்பெனி ஆணையர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் அரசு இல்லாதிருந்ததையும், இப்போது தங்கள் குழந்தைக்கு நாடு கிடைத்ததையும் சொல்கிறார்கள். மைசூர், நகரா, சித்ரதுர்கம் என்று நாடுகளைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். கோயம்புத்தூர் என்ற பெயர் அதில் இல்லை. அந்தக் கடிதத்தைப் பெற்றவர்கள் பணிவைப் படித்திருப்பார்கள். எனக்கு அது ரசீதாகத் தெரிகிறது. கிடைத்தது எது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தால், கிடைக்காதது எது என்பதும் தெரிந்துவிடுகிறது. அவர் மனத்தில் அந்த எண்ணம் இருந்ததா என்பதல்ல என் வாதம். ஆவணம் அப்படித்தான் பேசுகிறது.

ஜூன் 30இல் மைசூரில், அரண்மனை இடிந்து கிடந்ததால், பந்தல் போட்டு முடிசூட்டு விழா நடத்தினார்கள். 1810 வரை லட்சுமி அம்மணி வாழ்ந்தார். பேரன் வளர்ந்து ஆண்டார். 1831இல் கம்பெனி அவர் ஆட்சியையும் பறித்துக்கொண்டது. அந்த நாளைப் பார்க்க ராணி இல்லை.

6. சின்னமலையும் ராணியும்

இந்த அவையில் பலர் மனத்தில் ஒரு பெயர் ஓடிக்கொண்டிருக்கும். தீரன் சின்னமலை. மைசூருக்குப் போன வரிப்பணத்தைச் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே மறித்துப் பறித்தவர் என்று நாட்டார் வழக்கு சொல்லும் அதே சின்னமலை, பின்னாளில் திப்புவோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார். 1799க்குப் பிறகு ஓடாநிலையில் கோட்டை கட்டிப் போரைத் தொடர்ந்தார். 1805 ஜூலை 31இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டி அவருக்கு விழா எடுக்கிறோம்.

சின்னமலையைக் கொண்டாடும் ஊரில் ஆங்கிலேயரை அழைத்த ராணியைப் பற்றிப் பேசுகிறாயே என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டும். இருவரும் எதிரெதிர் அணியில் நின்றவர்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. ராணிக்குத் திப்பு தன் வீட்டைப் பறித்தவரின் மகன். சின்னமலைக்குத் திப்பு, வரப்போகும் பெரிய ஆபத்துக்கு எதிரே நின்ற கடைசி ஆள். இருவர் கணக்கும் அவரவர் இடத்திலிருந்து சரி. சின்னமலை கண்டுகொண்ட ஒன்றை ராணி காணவில்லை: கணவாய் ஏறப் படிக்கட்டாகப் பயன்படும் நிலத்தைப் பிடித்தவர்கள் திருப்பித் தர மாட்டார்கள். ராணி கண்டுகொண்ட ஒன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்: படையில்லாத கை எழுதிய கடிதம்கூட பல ஆண்டு விடாமல் எழுதினால் ஓர் அரியணையை நகர்த்தும். முழுவதையும் நகர்த்தாது. அவருக்கு அரைவாசி நகர்ந்தது.

1800இல், நாடு கைக்கு வந்த மறு ஆண்டே, நாட்டைப் பார்த்து அறிக்கை எழுதப் பிரான்சிஸ் புக்கானன் என்பவரைக் கம்பெனி அனுப்பியது. கோவை வட்டாரத்தில் என்ன விளைகிறது, யார் என்ன வரி கட்டுகிறார்கள், எந்தத் தறியில் என்ன துணி நெய்கிறார்கள் என்று அவர் எழுதிக்கொண்டு போனார். முதலில் இரண்டு பிரிவாக இருந்த நாடு 1804இல் ஒரே கோயம்புத்தூர் மாவட்டமானது. 1782இல் தொகை குறித்த இடத்துக்கு இப்போது உள்ளடக்கப் பட்டியலும் வந்துவிட்டது. மலைக்கு மேலே இருக்கும் கொள்ளேகாலம்கூட 1956 மாநிலச் சீரமைப்பு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் தாலுகாவாகத்தான் இருந்தது. 1799இல் கிழித்த கோடு 157 ஆண்டு நின்றது. தாளவாடிப் பக்கம் போனால் கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படுவதை இன்றும் கேட்கலாம். அரசர்கள் பிரித்த நாடுகளுக்கு நடுவே சந்தையும் சம்பந்தமும் வழி வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கின்றன.

7. மாணவர்களுக்கு

இந்தப் பேச்சால் நான் கேட்பது ஒன்றுதான். வீழ்ந்த அரசுகளின் ராணிகளைப் பற்றி எழுதும்போது கண்ணீரை மட்டும் எழுதாதீர்கள். 1736 வாக்கில் திருச்சியில் சந்தா சாகிபை நம்பி மதுரை நாயக்க அரசை இழந்த ராணி மீனாட்சியாகட்டும், 1816இல் கண்டியிலிருந்து வேலூர்க் கோட்டைக்குக் கணவனோடு கொண்டுவரப்பட்ட ராணிகளாகட்டும், எல்லோரையும் ஒரே துயரக் கோலத்தில் நிறுத்திப் பழகிவிட்டோம். அவர்கள் என்ன எழுதினார்கள், யாரிடம் என்ன கேட்டார்கள், என்ன தருவதாகச் சொன்னார்கள் என்று தேடுங்கள். வென்றவர்கள் பெரும்பாலும் தோற்ற பெண்களை மென்மையானவர்கள் என்றே எழுதுவார்கள். மென்மையானவருக்கு நன்மை செய்ததாகக் காட்டிக்கொள்ளலாம்; பேரம் பேசியவருக்கோ பேசியதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

லட்சுமி அம்மணி மென்மையானவராகவும் இருந்திருக்கலாம். பத்து ஆண்டில் மூன்று அரசர்களின் சாவைப் பார்த்த வீட்டில், அடுத்தவர் தேர்ந்த குழந்தையையும் அந்தக் குழந்தையின் குழந்தையையும் காத்து நின்றவருக்கு ஈரம் இல்லாமல் இருக்குமா? அந்த ஈரத்தோடு கூடவே கணக்கும் அவரிடம் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்ததுதான் அவருடைய அரசியல்.

கொங்கு வரலாற்று நூல்களில் சின்னமலைக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது, இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அத்தியாயமாகத் தஞ்சாவூர் உடன்படிக்கையையும் சேருங்கள். நம் ஊருக்கு முதன்முதலில் கம்பெனியின் ஏட்டில் தொகை குறித்தது யார், அந்தத் தொகை கடைசியில் யாரிடமிருந்து வசூலானது என்று படித்தால்தான், 1800இல் கம்பெனி வசமிருந்த கோவைக் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்ட கிளர்ச்சியாளர்கள் எதை எதிர்த்தார்கள் என்பது முழுதாக விளங்கும்.